தினம் ஒரு மாத்திரை: வரவு என்ன, செலவு என்ன?

பஞ்சாபில் அமிர்தசரஸ், தரன்தாரன், மோகா போன்ற ஊர்களில் அரசாங்க ஆஸ்பத்திரிப் பக்கம் காலையில் போகிறவர்கள் ஒரு வரிசையைக் காணலாம். ரேஷன் கடை வரிசையைப் போல நீளமானது. நிற்பவர்களில் பெரும்பாலோர் முப்பத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட வாலிபர்கள். தலைப்பாகை கட்டிய விவசாயி, லாரி டிரைவர், கட்டட வேலைக்குப் போகும் கூலியாள், படிப்பை முடித்து வேலை கிடைக்காத பையன் என்று பல தரத்தினரும் இருக்கிறார்கள். முறை வந்ததும் நர்ஸ் கொடுக்கும் சிறிய மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு சில நிமிஷம் பேசாமல், எச்சில் விழுங்காமல் உட்கார வேண்டும். கரைந்த பிறகு வாயைத் திறந்து காட்டிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் மறுபடியும் அதே வரிசை.

அந்த மாத்திரையின் பெயர் புப்ரெனார்ஃபின். ஹெராயின், அபின் போன்றவற்றுக்கு அடிமையானவர்களுக்கு அரசாங்கமே கொடுக்கும் மாற்று மருந்து. இதுவும் அபின் வகையைச் சேர்ந்த மருந்துதான். இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை.

"குடிகாரனுக்கு அரசாங்கம் தினம் ஒரு கிளாஸ் சாராயம் ஊற்றிக் கொடுப்பது மாதிரி அல்லவா இருக்கிறது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் ஒரு பிள்ளை இந்தப் பழக்கத்தில் விழுந்து, பாத்திரம் பண்டம் வரை விற்றுத் தீர்த்த குடும்பத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகவே எழும். பதில் சொல்ல வேண்டுமானால் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் வரவும் மறுபக்கம் செலவும் எழுதிப் பார்ப்பதுதான் வழி.

உடம்பு செய்யும் கலகம்

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அபினிலிருந்து மார்பின், மார்பினிலிருந்து ஹெராயின். சுத்தம் செய்யாத, கலப்படம் சேர்ந்த மட்டமான ஹெராயினுக்குப் பிரௌன் ஷுகர் என்று பெயர். மும்பையில் அதுவே 'கர்த்'. சால்களிலும் ஜோப்படிகளிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இந்த வார்த்தையை விளக்கத் தேவையில்லை. தண்டவாளத்தின் ஓரத்தில், பாலத்துக்கு அடியில் ஈயத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்காதவர் இங்கே யார்? 1980களின் தொடக்கத்தில் இந்தியப் பெருநகரங்களுக்குள் நுழைந்த சரக்கு இது. வலி மாத்திரை, இருமல் மருந்து என்ற பெயரில் மருந்துக் கடை வழியாக வரும் அபின் வகைச் சரக்குகளும் இருக்கின்றன.

சில மாதங்கள் தொடர்ந்து பழகிவிட்டால் உடம்பு அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. பிறகு ஒரு வேளை தவறினாலும் கலகம் தொடங்கிவிடும். மூக்கு ஒழுகும். கொட்டாவி மேல் கொட்டாவி வரும். மயிர் சிலிர்க்கும். வயிற்றைக் கலக்கி பேதியாகும். எலும்புகளை யாரோ முறிப்பது போன்ற வலியில் இரவெல்லாம் தூக்கம் கிடையாது. வடக்கே இதை 'டர்க்கி' என்கிறார்கள். பஞ்சாபிகள் 'தோட்' என்பார்கள். முதலில் சுகத்துக்காக ஆரம்பித்தவர்கூட, பிற்பாடு இந்த வேதனை வராமல் இருப்பதற்காகத்தான் தேடி ஓடுகிறார். திருட்டும் கடனும் பொய்யும் அதன் பின்னாலேயே வந்துவிடுகின்றன.

இதற்குக் குடும்பங்களுக்குத் தெரிந்த வைத்தியம் சில உண்டு. அறையில் பூட்டி வைப்பார்கள். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கல்யாணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான் என்று ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துப் பணயம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் ஒழுங்காக இருந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. டாக்டர்கள் செய்வது பத்துப் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வேதனையைக் குறைக்கும் மருந்து கொடுத்து, உடம்பிலிருந்து விஷத்தை இறக்கி அனுப்புவது.

இவற்றில் எதுவும் வீண் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அபின் வகைப் பழக்கத்தில், வெறுமனே விஷத்தை இறக்கி அனுப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள் என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நாற்பது நாள் நிறுத்தியவரின் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. அவர் திரும்பப் போய் முன்பு எடுத்த அதே அளவை எடுத்துக்கொண்டால் மூச்சு அடங்கிவிடும். ஜெயிலிலிருந்து வெளியே வந்த சில நாட்களிலேயே, சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த வாரத்திலேயே இறந்து போனவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். 'நன்றாகத் திருந்தி வந்தானே' என்று வீட்டார் அழுவார்கள். திருந்தியிருந்த அந்த இடைவெளியே அவருக்கு எமனாகியிருக்கும்.

முன்பதிவு செய்த இடம்

மூளையில் அபின் வகைச் சரக்குகள் போய் உட்காருவதற்கென்று சில இடங்கள் உண்டு. ரயில் பெட்டியில் ரிசர்வ் செய்த சீட்டைப் போல நினைத்துக்கொள்ளலாம். புப்ரெனார்ஃபின் அந்த இடத்தில் போய் அழுத்தமாக உட்கார்ந்துகொள்கிறது. உடம்புக்கு 'ஆள் இருக்கிறது' என்ற திருப்தி வந்துவிடுவதால் டர்க்கி எழுவதில்லை. பின்னால் ஹெராயின் ஏறி வந்தாலும் இடம் கிடைக்காமல் நிற்க வேண்டியதுதான்.

இந்த மருந்து ஒரு நாளுக்கு மேல் தாங்கும். ஹெராயினோ சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அதனால்தான் ஹெராயின்காரருக்கு ஒரு நாளில் மூன்று நான்கு முறை தேடல் இருக்கிறது; மாத்திரைக்காரருக்கு ஒரு முறை போதும். இன்னொரு குணமும் உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் எத்தனை மாத்திரை போட்டாலும் போதை அதே விகிதத்தில் ஏறிக்கொண்டே போகாது. மூச்சு நின்றுபோகும் அபாயமும் அதனால் குறைவு. ஆனால் சாராயத்தோடு அல்லது தூக்க மாத்திரையோடு சேர்த்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், உயிருக்கே ஆபத்து. டாக்டர்கள் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதைத்தான்.

சரியான அளவில் இதைச் சாப்பிடுகிறவர் மயங்கிக் கிடப்பதில்லை. மூட்டை தூக்கலாம், கணக்கு எழுதலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகலாம். சாராய கிளாஸ் உவமை இங்கேதான் இடறுகிறது. குடிப்பவரின் தள்ளாட்டத்தை அந்த கிளாஸ் நீட்டித்துக்கொண்டே போகும். இந்த மாத்திரை தள்ளாட்டத்தை நிறுத்தி ஆளை நிமிர்த்தி வைக்கிறது.

முதல் முறை கொடுக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே மாத்திரையை வைத்தால் அது பழைய ஆளைப் பிடித்துத் தள்ளிவிட்டு உட்காரும். அப்போது கடுமையான டர்க்கி ஒரேயடியாக வந்துவிடும். ஆகவே கொஞ்சம் வேதனை தொடங்கும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். விஷயம் தெரியாமல் நண்பனிடம் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்து, 'இது விஷம்' என்று ஓடிப்போனவர்கள் உண்டு.

நியூயார்க்கில் தொடங்கிய வழி

மாற்று மருந்து என்ற யோசனை இன்று நேற்று வந்ததல்ல. 1964-ம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டாக்டர் வின்சென்ட் டோல், டாக்டர் மேரி நைஸ்வாண்டர் என்ற இருவரும் ஹெராயினுக்கு அடிமையான சிலருக்கு மெத்தடோன் என்ற மருந்தைத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசியைத் தவிர வேறு நினைப்பே இல்லாதிருந்தவர்கள் படிக்கவும் வேலைக்குப் போகவும் தொடங்கினார்கள். 1965-ல் இதை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். ஹாங்காங் 1970களிலேயே ஊர் முழுக்க மெத்தடோன் நிலையங்களைத் திறந்தது. ஒரு முறை வந்து குடித்துவிட்டுப் போக ஒரு டாலர் கட்டணம், அதுவும் ஹாங்காங் டாலர். வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாக மாலை நேரத்திலும் திறந்து வைத்தார்கள். பிற்காலத்தில் எய்ட்ஸ் உலகைக் கலக்கியபோது, அந்த ஊரில் போதை ஊசிக்காரர்களிடையே எச்.ஐ.வி. அதிகம் பரவாமல் தப்பியது.

பிரான்ஸ் 1996 முதல் சாதாரணத் தெரு டாக்டர்களே புப்ரெனார்ஃபின் எழுதிக் கொடுக்க வழி செய்தது. 1995-க்கும் 1999-க்கும் இடையில் அங்கே ஹெராயின் அளவு மீறிச் செத்தவர்களின் தொகை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. 2005-ல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இம்பால் கொடுத்த விலை

இந்தியாவில் இந்த விஷயத்துக்கு விலை கொடுத்த முதல் மாநிலம் மணிப்பூர். பர்மா எல்லையில் மோரே என்று ஓர் ஊர். தமிழர்களுக்கு அது அந்நியமான பெயர் அல்ல. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு அங்கிருந்து துரத்தப்பட்ட தமிழர்கள், தாயகம் வந்து பிழைக்க வழி காணாமல், கால்நடையாகத் திரும்பிப் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டுத் தங்கிவிட்ட ஊர். அங்கே அம்மன் கோயில் கோபுரம் எழுந்ததும் இட்லிக் கடை வந்ததும் அப்படித்தான். அதே எல்லைப் பாதை வழியாகத்தான் 'நம்பர் 4' என்ற சுத்தமான பர்மா ஹெராயினும் இம்பாலுக்கு இறங்கியது. அதைப் புகைப்பதைவிட ஊசியில் ஏற்றுவது அங்கே வழக்கமாயிற்று. ஊசி கிடைப்பது அரிது. ஒரே ஊசி ஐந்தாறு பேர் கையில் மாறியது.

1989 செப்டம்பர் வரை அங்கே ஊசிக்காரர்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி காணப்படவில்லை. அடுத்த ஆறு மாதத்துக்குள் சோதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருந்தது. ஆறே மாதம்! பிறகு அது அவர்களின் மனைவிமாருக்கும், பிறந்த குழந்தைகளுக்கும் போயிற்று. ஊசியையே தொடாத எத்தனையோ பெண்கள் இம்பாலில் வெள்ளை உடுத்தியது இந்தக் கணக்கில் சேர்ந்தது.

போலீஸ் தடியும், வாலிபர்களைச் சங்கிலியில் கட்டிப் போட்ட 'சீர்திருத்த' விடுதிகளும் கிருமியை நிறுத்தவில்லை. 1996-ல் மணிப்பூர் அரசு, பழக்கத்தை உடனே ஒழிக்க முடியாவிட்டாலும் அதனால் வரும் கேட்டையாவது குறைப்போம் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. சுத்தமான ஊசி கொடுப்பதும் மாற்று மருந்து கொடுப்பதும் அந்தக் கொள்கையின் இரண்டு கைகள். டில்லி, கல்கத்தா போன்ற இடங்களில் 1990களிலேயே தொண்டு நிறுவனங்கள் சிறிய அளவில் புப்ரெனார்ஃபின் கொடுத்து வந்தன. 2007-ல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் இது அரசாங்கத் திட்டமாயிற்று. 2008-ல் டில்லி திகார் ஜெயிலுக்குள்ளும் ஒரு மையம் திறந்தார்கள்.

வரவுப் பக்கம்

முதல் வரவு உயிர். 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு பல நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைத் திரட்டிப் பார்த்தது. மெத்தடோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சுமார் 11 பேர் இறந்தார்கள். அதே ஆட்கள் சிகிச்சையை விட்டு வெளியே இருந்த காலத்தில் ஆயிரத்துக்கு 36 பேர். புப்ரெனார்ஃபின் விஷயத்தில் ஆயிரத்துக்கு 4 பேருக்குச் சற்று மேல். வெளியே இருக்கும்போது 9-க்கு மேல். மருந்து உள்ளே இருக்கும்வரை ஆள் சாகும் அபாயம் பாதியாக, ஏன் மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறைகிறது என்று ஆகிறது.

இரண்டாவது வரவு தொற்று. மாற்று மருந்து சாப்பிடும் ஊசிக்காரர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் பாதிக்கு மேல், நூற்றுக்கு 54 என்ற அளவில் குறைகிறது என்று 2012-ல் அதே பத்திரிகையில் வந்தது. கல்லீரலைத் தின்னும் ஹெப்படைட்டிஸ் சி கிருமிக்கும் ஏறத்தாழ இதே கணக்குதான். நம் நாட்டில் 2017-ம் ஆண்டுக் கண்காணிப்பில், வயது வந்த பொதுமக்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தபோது, போதை ஊசி போடுகிறவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு இருந்தது. எச்.ஐ.வி.க்கு 2004 முதல் அரசாங்கம் இலவச மருந்து தருகிறது. ஆனால் அது ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்து. ஓர் ஊசி மாறாமல் தடுத்தால் அரசாங்கக் கஜானாவில் எத்தனை ஆண்டுச் செலவு மிச்சம் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வரவு வீட்டுப் பணம். எய்ம்ஸ் டாக்டர்கள் 2015-ல் பஞ்சாபில் எடுத்த கணக்கின்படி அங்கே 2 லட்சத்து 32 ஆயிரம் பேர் அபின் வகைக்கு அடிமைகள். அவர்கள் ஆண்டுக்கு அதற்காகச் செலவழித்தது 7,575 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 900 ரூபாய் வருகிறது. ஹெராயின்காரர் மட்டும் என்றால் 1,400 ரூபாய். நாள் கூலி 400, 500 வாங்குகிறவர் 1,400 ரூபாய்க்கு எங்கே போவார்? அந்த இடைவெளியில்தான் பெண்டாட்டி தாலியும், அடுத்த வீட்டு சைக்கிளும், ரயிலில் தூங்குகிறவரின் பர்ஸும் காணாமல் போகின்றன. மாத்திரைக்கு வந்தவர் இந்தத் தேடலிலிருந்து விடுபடுகிறார். திருட்டும் கேசும் குறைவது அக்கம்பக்கத்தாரின் வரவு. அதை எந்த ஆஸ்பத்திரியும் தன் புத்தகத்தில் எழுதுவதில்லை.

செலவுப் பக்கம்

மருந்தின் விலை பெரிய செலவல்ல. இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. டாக்டர், நர்ஸ், ஆலோசகர், பூட்டிய அலமாரி, பதிவேடு இவற்றின் செலவுதான் அதிகம். ஆனால் நிஜமான செலவுகள் வேறு.

ஒன்று, கசிவு. மாத்திரையை நாக்கடியில் வைத்தது போலக் காட்டி வெளியே எடுத்து விற்பவர்கள் உண்டு. அதைப் பொடி செய்து ஊசியில் ஏற்றுகிறவர்களும் உண்டு. சென்னையில் 1990களில் ஹெராயின்காரர்கள் பலர் புப்ரெனார்ஃபினையே ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு மாறினார்கள் என்பது பதிவான விஷயம். மருந்தாகவும் சரக்காகவும் ஒரே பொருள் உலவுகிறது என்றால் ஜனங்கள் சந்தேகப்படுவது நியாயமே. இதற்குத்தான் நாலாக்சோன் என்ற இன்னொரு மருந்தைக் கூடச் சேர்த்து மாத்திரை செய்கிறார்கள். நாக்கடியில் வைத்தால் அது வேலை செய்யாது. கரைத்து ஊசியில் ஏற்றினால் டர்க்கியைக் கிளப்பிவிடும். பஞ்சாபில் கொடுப்பது இந்தக் கூட்டு மாத்திரை. அப்படியும் அங்கே கள்ளச் சந்தையில் மாத்திரை விற்கும் வழக்குகள் வராமல் இல்லை. தனியார் கிளினிக்குகள் மீதே இந்தப் புகார் அதிகம்.

இரண்டு, காலம். இது ஒரு மாதக் கோர்ஸ் அல்ல. ஒரு வருஷம், இரண்டு வருஷம், சிலருக்குப் பல வருஷம். அவசரப்பட்டு நிறுத்தியவர்கள் பழைய வழிக்குத் திரும்புவதும், மருந்தை விட்ட முதல் நான்கு வாரத்தில் சாவு அபாயம் ஏறுவதும் மேலே சொன்ன ஆய்விலேயே இருக்கிறது. 'எப்போது மாத்திரையிலிருந்து விடுதலை?' என்று பெற்றோர் கேட்பார்கள். சர்க்கரை வியாதிக்காரரிடமும் ரத்தக் கொதிப்புக்காரரிடமும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆனாலும் பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். மெல்ல மெல்ல அளவைக் குறைத்து முழுக்க விட்டவர்களும் இருக்கிறார்கள். அதற்குத் தேதி குறிக்க வேண்டியவர் டாக்டரும் நோயாளியும், மாமனார் அல்ல.

மூன்று, அந்த வரிசை. திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் பேசாத செலவு இதுதான். அரசாங்கக் கணக்கில் மருந்து இலவசம். ஆனால் தினமும் வந்து நிற்க வேண்டும் என்றால் உழைப்பாளிக்கு அது இலவசம் ஆகாது. மும்பையில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் நாக்காவில் காலை எட்டு மணிக்கு நிற்பவருக்குத்தான் அன்றைக்குக் கூலி. மையம் ஒன்பது மணிக்குத் திறந்தால் அவர் எதை விடுவார்? மருந்தை விட்டால் டர்க்கி. கூலியை விட்டால் அடுப்பு எரியாது. பஸ் சார்ஜ் வேறு. ஷிப்டு வேலைக்காரர், லாரி டிரைவர், ஓட்டல் பையன் எல்லோருக்கும் இதே சங்கடம். பாதியில் நின்றுபோகிறவர்களைக் கேட்டால் மருந்து பிடிக்கவில்லை என்பவர்களைவிட நேரம் ஒத்துவரவில்லை என்பவர்களே கண்ணில் படுகிறார்கள். கண் முன்னால் சாப்பிட வைப்பது கசிவைத் தடுக்கிறது, உண்மை. அந்தக் காவலுக்கு விலை கொடுப்பவர் மாத்திரையைத் திருடாத கூலியாள்.

பஞ்சாப் கண்ட அனுபவம்

பஞ்சாப் 2017 அக்டோபரில் வெளிநோயாளி முறையில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், வந்து மருந்து வாங்கிக்கொண்டு போகலாம் என்பதே இதன் விசேஷம். ஊசி போடுகிறவர்களுக்கு மட்டும் என்றில்லாமல், புகைக்கிறவர், மாத்திரை விழுங்குகிறவர் எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். 2018 கோடையில் அளவு மீறிய சாவுகள் மாநிலத்தைக் குலுக்கிய பிறகு மையங்கள் வேகமாகப் பெருகின.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. பஸ் ஓடவில்லை, கூட்டம் கூடக் கூடாது. வேறு வழியின்றி ஒழுங்காக வருகிறவர்களுக்குச் சில நாட்களுக்கான மாத்திரையைக் கையோடு கொடுத்து அனுப்ப அனுமதித்தார்கள். நாட்டின் மற்ற மையங்களிலும் இதே தளர்வு வந்தது. அதே சமயம் கடத்தல் சரக்கு வருவதும் தடைப்பட்டதால் பஞ்சாபில் புதிதாகப் பெயர் பதிவு செய்தவர்களின் கூட்டம் பெருகியது. இத்தனை காலம் 'முடியவே முடியாது' என்று சொல்லப்பட்ட ஒரு சலுகை ஒரே வாரத்தில் முடிந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

2023 மார்ச்சில் பஞ்சாப் சட்டசபையில் சொல்லப்பட்ட கணக்கின்படி, அரசு மையங்களில் பதிவு செய்தவர்கள் 2 லட்சத்து 62 ஆயிரம் பேர். தனியார் மையங்களில் 6 லட்சத்து 12 ஆயிரம் பேர். இலவசமாகக் கிடைக்கும் இடத்தை விட்டு, காசு கொடுக்கும் இடத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் ஏன் போக வேண்டும்? அங்கே சில நாட்களுக்கான மாத்திரை மொத்தமாகக் கிடைக்கிறது. ஊரார் பார்க்கும் வரிசை இல்லை. ஏழை கூட நேரத்துக்கும் மானத்துக்கும் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கசிவு அதிகம் என்று புகார் வருவதும் அங்கேதான் என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி காண முடியாதா? ஆரம்பத்தில் தினமும் வரச் சொல்லி, நம்பிக்கை வந்ததும் வாரம் ஒரு முறை, பிறகு இரண்டு வாரம் என்று தளர்த்தினால் என்ன? மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைத்தால் என்ன? ஹாங்காங்கில் செய்ததுதானே. 2017-ல் அமெரிக்கா மாதம் ஒரு முறை போடும் புப்ரெனார்ஃபின் ஊசியை அனுமதித்தது. அது வந்தால் வரிசைப் பிரச்சினையும் கசிவும் ஒன்றாகத் தீரும். ஆனால் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது.

தேவை எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். 2019-ல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் அபின் வகைப் பழக்கத்தால் உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 77 லட்சம் என்றது. ஊசி போடுகிறவர்கள் மட்டும் எட்டரை லட்சம். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மையங்களில் மாற்று மருந்து பெறுகிறவர்களோ சில பத்தாயிரம் பேர்.

ஊருக்குப் போகும்போது

வெளி மாநிலத்தில் பிழைக்கும் நம்மவர்களுக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. கோயில் கொடைக்கோ, கல்யாணத்துக்கோ, சாவுக்கோ இருபது நாள் ஊருக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே மாத்திரைக்கு எங்கே போவது? சொல்லாமல் கிளம்பிவிட்டால் மூன்றாம் நாள் டர்க்கி. பிறகு வலி தாங்காமல் கிடைத்ததைத் தேடல். பாதியில் விட்டவர்களுக்கு அபாயம் அதிகம் என்பதை மேலே பார்த்தோம். எனவே டிக்கெட் எடுக்கும்போதே மையத்தில் சொல்லிவிடுவது முக்கியம். போகிற ஜில்லாவில் மையம் இருந்தால் அங்கே தற்காலிகமாக மருந்து பெற, அளவைக் குறிப்பிட்டுக் கடிதம் தரும்படி கேட்கலாம். மையம் இல்லாவிட்டால் கையோடு எத்தனை நாளைக்குத் தர முடியும் என்று டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். புப்ரெனார்ஃபின் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினால் வழியில் தொல்லை வரும். மருந்துச் சீட்டையும் மையத்தின் அட்டையையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

போலீஸ் பயத்தாலேயே மையத்துக்குப் போகத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைப்பொருளை உபயோகித்ததற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஓர் அடிமை, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை மேற்கொண்டால் அந்த வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடலாம். விற்கிறவர்களுக்கு இது பொருந்தாது.

மத்திய அரசின் போதை மீட்பு உதவிக்கான இலவச எண் 14446. எச்.ஐ.வி. தொடர்பான சோதனை, சிகிச்சை விவரங்களுக்கு 1097. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து மையம் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது என்ற இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். முதல் நாள் போகும்போது அடையாள அட்டையும், முடிந்தால் வீட்டார் ஒருவரும் கூட இருப்பது நல்லது. அரை நாளாவது லீவு எடுத்துக்கொண்டு போக வேண்டும். முதல் மாத்திரைக்குப் பிறகு கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.